ரெண்டு வயசுக் குழந்தையும் நாமும் சேர்ந்து கேட்க: எந்த மாதிரிப் பாட்டு?

மாடித்தோட்டம்:

மகளுக்கு ஒரு வயசு பத்து மாசம். டிவி ரைம்ஸை நிறுத்திவிட்டோம். திரை வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்று முடிவு. ஆனால் எந்தப் பாட்டு என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. ரைம்ஸையே ஆடியோவாகப் போட்டால் அந்தக் கீச்சுக்குரலும் கீபோர்டும் பத்து நிமிஷத்தில் எங்களுக்குத் தலைவலி. எங்களுக்குப் பிடித்த எண்பதுகளின் சினிமாப் பாட்டைப் போட்டால் கொஞ்ச நேரம் ஆடுகிறாள், அப்புறம் ஆளைக் காணோம். மாமியார் பஜனைப் பாட்டு என்கிறார். பக்கத்து வீட்டில் மொசார்ட் போட்டால் மூளை வளரும் என்கிறார்கள்.

குறிப்பிட்ட பாட்டுகளின் பட்டியல் வேண்டாம். ஒரு பாட்டைக் கேட்டதும் இது இருவருக்கும் ஒத்துவரும், இது வராது என்று எப்படி முடிவு செய்வது? வேகம், சத்தம், எவ்வளவு நேரம் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தால் சொல்லுங்கள்.

கஞ்சிராக்காரன்:

முதலில் மொசார்ட் விஷயத்தை முடித்துவிடலாம். அந்தப் பேச்சு 1993-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு சின்ன ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கேட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். கைக்குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. இட வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் ஒரு சோதனையில் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் வந்தது, அதுவும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கரைந்துபோனது. பிடித்தால் கேளுங்கள், மூளைக்காக வேண்டாம்.

நீங்கள் கேட்ட கணக்குக்கு வருகிறேன். பாட்டைப் போட்டு 15 வினாடிக்குத் தட்டுகளை எண்ணி நாலால் பெருக்குங்கள். பெரியவர்கள் சும்மா உட்கார்ந்து மேசையில் தட்டினால் நிமிஷத்துக்கு 100 பக்கம் வரும். சின்னக் குழந்தைகள் இன்னும் வேகம், 140 பக்கம்கூடப் போவார்கள். இருவருக்கும் நடுவில் 110 முதல் 130 வரை ஆடும் பாட்டுக்குச் சரியான இடம். 90-க்குக் கீழே இருந்தால் மடியில் வைத்து ஆட்ட, 70 பக்கம் வந்தால் தூங்கவைக்க.

சினிமாப் பாட்டில் உங்கள் மகள் ஏன் ஓடிவிடுகிறாள் என்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம் இல்லை, அமைப்பு. முன்னிசை அரை நிமிஷம், பல்லவி, பிறகு முக்கால் நிமிஷத்துக்கு வயலின் கூட்டமும் புல்லாங்குழலும், சரணம், மறுபடி வேறொரு இடையிசை. நமக்கு அந்த இடையிசைதான் உயிர். குழந்தைக்குத் தெரிந்த வரி திரும்பி வர ஒன்றரை நிமிஷம் ஆகிறது. ஒன்றே முக்கால் வயசில் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். பாட்டு ஆரம்பித்த 15 வினாடிக்குள் குரல் வர வேண்டும், பல்லவியின் முதல் வரி 30, 40 வினாடிக்கு ஒருமுறையாவது திரும்பி வர வேண்டும். இந்த ரெண்டையும் பார்த்தாலே முக்கால்வாசிப் பாட்டு கழிந்துவிடும்.

நாட்டுப்பாடலும் கும்மியும் காவடிச் சிந்தும் இங்கேதான் ஜெயிக்கும். ஒரே மெட்டு, ஒவ்வொரு அடிக்கும் திரும்பி வரும். கும்மி பெரும்பாலும் திஸ்ர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணுவது, தகிட தகிட என்று ஓடும். துள்ளி நடக்கிற குழந்தைக்கு அது உடம்பிலேயே ஒட்டும். பஜனைக்கும் இதே பலம் உண்டு. ஒருவர் பாடி மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் நாமாவளியாக இருந்தால் மாமியாருக்கு என் ஓட்டு. ஆனால் வேகம் ஏறிக்கொண்டே போய் கடைசியில் கைத்தட்டும் ஜால்ராவும் காதைப் பிளக்கும் பதிவுகள் இருக்கின்றன, அவற்றை விடுங்கள்.

கர்நாடக இசை பிடிக்கும் என்றால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களிலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாஹித்யம் எழுதியவை, சுமார் 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள், கமகம் (ஸ்வரத்தை வளைத்து அசைப்பது) இல்லை, ரெண்டு நிமிஷத்துக்குள் முடியும். ‘சியாமளே மீனாக்ஷி’யின் மெட்டு உலகம் முழுக்க நட்சத்திர ரைமுக்குப் பாடுகிற அதே மெட்டு. ரைம்ஸ் கேட்டு வளர்ந்த குழந்தை உடனே அடையாளம் கண்டுகொள்ளும், உங்களுக்கோ கேட்க வீணையிலும் வயலினிலும் நல்ல பதிவுகள் கிடைக்கும். தோடி ராகத்தில் விரிவான ஆலாபனையைக் குழந்தை கேட்கலாம், தப்பில்லை. ஆனால் வளைந்து வளைந்து போகும் ஸ்வரத்தை அதனால் திருப்பிப் பாட முடியாது. சேர்ந்து பாட வேண்டும் என்றால் நேர் ஸ்வரம்.

பாலர்வகுப்பு டீச்சர்:

கஞ்சிராக்காரன் சார் சொன்ன அமைப்பு விஷயம் முக்கியம். நான் ஒரு படி மேலே போவேன்: பாட்டைத் தேர்வு செய்ய வேண்டியது முதலில் பெற்றோருக்காக. காரணம் எளிது. ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு பாட்டு பிடித்தால் ஒருநாளில் பத்து முறை கேட்கும், ஒரு மாசத்துக்கு விடாது. முந்நூறாவது முறையும் நீங்கள் முகம் சுளிக்காமல் பாடக்கூடிய பாட்டாக இருக்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ எரிச்சலோடு போடும் பாட்டில் குழந்தையும் ஒட்டாது, அது பார்ப்பது உங்கள் முகத்தைத்தான்.

திருப்பிக் கேட்பது குறை இல்லை, அந்த வயசுக்குக் கற்கும் வழியே அதுதான். நீங்கள் சலிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. பாட்டை மாற்றாதீர்கள், பதிவை மாற்றுங்கள். ஒரே பாட்டைக் குரலில் ஒன்று, நாதஸ்வரத்தில் ஒன்று, வீணையில் ஒன்று என மூன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தெரிந்த மெட்டு, உங்களுக்குப் புது ஒலி. ஒருசமயத்தில் ஏழெட்டுப் பாட்டுக்கு மேல் வேண்டாம். வாரத்துக்கு ஒன்றைச் சேர்த்து ஒன்றை எடுங்கள். புதுப் பாட்டை எப்போதும் தெரிந்த ரெண்டு பாட்டுக்கு நடுவில் வையுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். பாடிக்கொண்டே போகிறார்கள், குழந்தைக்கு இடம் விடுவதில்லை. இந்த வயசில் முழு வரி வராது, வரியின் கடைசிச் சொல்தான் வரும். நன்றாகத் தெரிந்த வரியைப் பாடிக் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள். முகத்தைப் பார்த்து, வாயை லேசாகத் திறந்தபடி, மனசுக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுங்கள். நாம் ஒரு வினாடியிலேயே பொறுமை இழந்து நாமே சொல்லிவிடுகிறோம். குழந்தைக்கு அந்தச் சொல்லைத் தேடி எடுக்க நாலைந்து வினாடி ஆகும். முதல் சில நாள் வெறும் மூச்சோ தலையாட்டலோதான் வரும், பிறகு ‘டு’ என்றோ ‘வா’ என்றோ கடைசி எழுத்து வரும். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலே பாடுங்கள், திருத்த வேண்டாம். பதிவு செய்த பாட்டில் இதைச் செய்ய முடியாது, அது நிற்காது. அதனால்தான் பத்து நிமிஷம் ஸ்பீக்கர் என்றால் ஐந்து நிமிஷமாவது சொந்தக் குரல் வேண்டும் என்கிறேன். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

தாளத்தோடு ஒத்துக் கைதட்டுவது நாலு வயசை ஒட்டித்தான் நிலைப்படும். கையைப் பிடித்துத் தட்டவைக்காதீர்கள். குழந்தை எந்த வேகத்தில் குதிக்கிறதோ அந்த வேகத்துக்கு நீங்கள் பாட்டை இழுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அர்த்தமில்லாத சொற்கட்டு. ‘தகதிமி தகஜொணு’ என்று சொன்னால் சிரித்துவிடுவார்கள். திருப்புகழின் சந்தமும் அப்படியே. ‘முத்தைத்தரு’ பாட்டின் வரிகளைச் சொல்ல நமக்கே நாக்கு புரளும், ஆனால் அதன் சந்தமான ‘தத்தத்தன தத்தத் தனதன’ மட்டும் சொல்லிப் பாருங்கள். ‘த’வும் ‘ன’வும் அந்த வயசில் பெரும்பாலும் வந்துவிடும் ஒலிகள். தாத்தாவும் ரசிப்பார்.

நாள் முழுக்கப் பின்னணியில் ஓடவிடாதீர்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தால் நீங்கள் பேசுவதைக் குழந்தையால் பிரித்துக் கேட்க முடியாது, நீங்களும் பேசுவதைக் குறைத்துவிடுவீர்கள். 15 முதல் 20 நிமிஷம், ஒருநாளைக்கு ரெண்டு மூன்று தடவை. திரையை நிறுத்தியது நல்ல முடிவு. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், ரெண்டு வயசுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

ஒலிப்பெட்டி:

சத்தம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

போன் ஸ்பீக்கரில் போடாதீங்க. கீழ் ஒலியே வராது. மிருதங்கத்தோட தொப்பி (கனமா ஒலிக்கிற இடது பக்கம்), பேஸ் கிட்டார் எல்லாம் காணாமப்போய் மேல் ஒலி மட்டும் காதைக் குத்தும். குழந்தையோட காதுக்குழாய் சின்னது, மேல் ஒலியை நம்ம காதைவிட அதிகமாவே தூக்கிக் காட்டும். ரைம்ஸ் கேட்டு உங்களுக்குத் தலைவலி வர்றதுக்கும் பாதிக் காரணம் இதுவா இருக்கலாம். 5 இல்லன்னா 10 வாட்ஸ் சின்ன புளூடூத் ஸ்பீக்கர் போதும். குழந்தையிடமிருந்து ரெண்டு மீட்டர் தள்ளி, எட்டாத இடத்தில். தூரம் ரெண்டு மடங்கானா சுமார் 6 டெசிபல் குறையும், வீட்டுக்குள்ள சுவர் எதிரொலியால கொஞ்சம் கம்மியாக் குறையும்.

அளவு: குழந்தை உட்கார்ற இடத்தில் போனை வச்சு டெசிபல் ஆப்பில் பாருங்க. 60 முதல் 65 போதும், அது சாதாரணப் பேச்சோட அளவு. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்ற மேல்வரம்பு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். ஆப் இல்லன்னா, ஒரு கை தூரத்தில் இருக்கறவரிடம் குரலை உயர்த்தாமப் பேச முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா குறைங்க. தூங்கும்போது 50-க்கு மேல் வேண்டாம், தூங்கினதும் நிறுத்திடுங்க. ஹெட்போன் இந்த வயசுக்குத் தேவையே இல்லை.

அடுத்த தொல்லை பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாறுறது. 80-கள் பதிவு மெல்லிசா இருக்கும், அடுத்து 2010-க்கு அப்புறம் வந்த பாட்டு விழுந்தா குழந்தை அலறும். இலவச ஆப்னா நடுவில் விளம்பரம் வேற, தூக்கம் போச்சு. அதனால ஆப்பை நம்பாம, வாங்கின அல்லது இறக்கின கோப்புகளை ஆடாசிட்டிங்கற கம்ப்யூட்டர் ஒலி எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஒருமுறை வேலை பாருங்க. ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ல எல்லாத்துக்கும் ஒரே அளவு, மைனஸ் 18 வைங்க. நீளமான முன்னிசையை வெட்டிட்டு, வெட்டின இடத்தில் ரெண்டு வினாடி ஃபேட்-இன் (சத்தம் மெல்ல ஏறும்). முடிவில் மூணு வினாடி ஃபேட்-அவுட் (மெல்ல இறங்கும்). பாட்டு வேகமா இருந்தா ‘சேஞ்ச் டெம்போ’ன்னு ஒண்ணு இருக்கு, சுருதி மாறாம வேகம் மட்டும் குறையும். 10, 12 சதவீதம் வரை தெரியாது. 15 தாண்டினா தபலா தட்டு ரெண்டு ரெண்டாக் கேட்கும், குரல் குழறும். ‘சேஞ்ச் ஸ்பீடு’ன்னு பக்கத்திலேயே இருக்கறதைத் தொட்டுடாதீங்க, பாடகர் கும்பகர்ணன் மாதிரி ஆகிடுவார்.

எல்லாத்தையும் பென்டிரைவில் போட்டு, திரை இல்லாத ஸ்பீக்கரில் சொருகிட்டா முடிஞ்சது. போன் கையில் இருந்தாலே குழந்தைக்கு அது படம் காட்டுற பெட்டிதான்.

மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. பல்லவி திரும்பி வரும் இடைவெளியை மூன்று பாட்டில் கணக்கெடுத்துப் பார்த்தேன்: 1 நிமிஷம் 40, 1 நிமிஷம் 25, 1 நிமிஷம் 50. அவள் ஓடியதில் ஆச்சரியமே இல்லை.

டீச்சர், ஒரு சந்தேகம். நான் கொஞ்சம் பாட்டு கற்றவள், சுருதி (ஸ வைத்துப் பாடும் உயரம்) 5 கட்டை. கணவருக்கு 2. நான் பாடினால் அவள் வாயைத் திறப்பதே இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஏதாவது காரணம் உண்டா? அப்புறம் கையில் ஏதாவது கொட்டுவதற்குக் கொடுக்கலாமா?

பாலர்வகுப்பு டீச்சர்:

காரணம் உண்டு. நீங்கள் அவளுக்கு எட்டாத கீழ் இடத்தில் பாடுகிறீர்கள். இந்த வயசுக் குழந்தையின் குரல் வசதியாக நிற்கும் இடம் கீபோர்டில் நடு ‘சி’க்கு அடுத்த ‘டி’ முதல் அதற்கு மேலே ‘ஏ’ வரை. கட்டைக் கணக்கில் 2 முதல் 6. அதாவது 2 கட்டையை ஸட்ஜமாக வைத்தால் ஸ-விலிருந்து ப வரை, அவ்வளவுதான் அவள் வீடு. உங்கள் 5 கட்டை ஸட்ஜம் அதற்கு நாலு ஸ்வரம் கீழே கிடக்கிறது. பாட்டு ஸ-வுக்கும் ப-வுக்கும் நடுவில் சுற்றினால் அவளுக்கு ஒன்றுமே எட்டாது.

வழி: உங்கள் பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு பாடுங்கள். 5 கட்டையின் ப, 2 கட்டையின் ஸ-தான். கொஞ்சம் மேலே போகும், கத்தாமல் மெல்லப் பாடினால் போதும். அந்த உயரத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும் பாட்டு உங்களுக்குச் சிரமம், எனவே ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கும் மெட்டாகத் தேர்வு செய்யுங்கள். கைவீசும் பாட்டு, சாய்ந்தாடும் பாட்டு எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். சுருதிப்பெட்டி ஆப்பில் 2 கட்டை வைத்து மெலிதாக ஓடவிட்டுப் பாடினால் நீங்கள் வழுக்கிக் கீழே வரமாட்டீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம். அவருடைய 2 கட்டை ஒரு ஸ்தாயி கீழே இருக்கிறது. குழந்தை மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரத்தில் சேர்ந்துகொள்ளும். ஆண்குரலோடு ஒட்ட முதலில் கொஞ்சம் குழம்பும், பிறகு சரியாகிவிடும்.

கஞ்சிராக்காரன்:

கொட்டுவதற்குக் கடையில் வாங்குவதைவிட வீட்டு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து வைத்து மரக்கரண்டி கொடுப்பதே மேல். டப்பாவுக்கு அடியில் மடித்த துண்டு போடுங்கள், இல்லாவிட்டால் கிணுகிணுப்பில் பாட்டே கேட்காது. கரண்டி ஒரு சாண் நீளம், நுனி அகலமாக. மெல்லிய குச்சி வேண்டவே வேண்டாம், வாயில் வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் அண்ணத்தில் குத்தும். உட்கார்ந்து தட்டினால் கரண்டி, எழுந்து நடந்தால் கரண்டி நம் கைக்கு.

கிலுகிலுப்பை செய்வதானால் 200 மில்லி கெட்டி பிளாஸ்டிக் பாட்டில், ரெண்டு மேசைக்கரண்டி அரிசி. பாட்டிலில் கால் பங்குக்கு மேல் போனால் குலுங்க இடம் இல்லாமல் ‘சொத்’ என்று கேட்கும். மூடியைத் திருகி, சுற்றிலும் எம்-சீல் பிசைந்து அப்பி, ஒரு ராத்திரி காயவிட்டு, மேலே டேப். தோள் உயரத்திலிருந்து தரையில் பத்துமுறை போட்டுப் பாருங்கள், விரிசல் விட்டால் தூக்கி எறியுங்கள். கொண்டைக்கடலையும் பட்டாணியும் சத்தம் நன்றாகக் கொடுக்கும், ஆனால் பாட்டில் உடைந்து ஒன்று மூக்கில் போனால் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும், எடுப்பது பாடு. அரிசி என்றாலும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

ஒலிப்பெட்டி:

பேட்டரி பொம்மை வாங்கினா ரெண்டு விஷயம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா பாருங்க, 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் விக்கிற பொம்மைக்கு அது கட்டாயம். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதா இருக்கணும். பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயை அரிக்க ஆரம்பிக்கும், சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரி. பொம்மை சத்தம் அதிகம்னா ஸ்பீக்கர் ஓட்டை மேல ரெண்டு அடுக்கு பேக்கிங் டேப் ஒட்டுங்க, நல்லாவே அடங்கும். குழந்தைங்க பொம்மையைக் காதில் வச்சு அழுத்திக் கேட்பாங்க, அதனால இதை விட்டுடாதீங்க.

மாடித்தோட்டம்:

கடைசியாக ஒன்று. மத்தியானம் சேலைத் தூளியில்தான் தூங்குகிறாள். தாலாட்டுக்குப் பதில் மெதுவான சினிமாப் பாட்டு பாடினால் போதுமா, இல்லை தாலாட்டில் வேறு ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா?

கஞ்சிராக்காரன்:

போதும், வேகம் தூளியோடு ஒத்துப்போனால். தூளி ஒரு ஊசல். கொக்கியிலிருந்து குழந்தை கிடக்கும் இடம் வரை ஒன்றரை மீட்டர் இருந்தால் ஒருமுறை போய்வர ஏறக்குறைய இரண்டரை வினாடி ஆகும். குழந்தையின் எடை எவ்வளவு என்பதும், லேசாக ஆட்டும் வரை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதும் அதை மாற்றாது. நீளம் மட்டும்தான் கணக்கு. ஒரு போய்வரலுக்கு மூன்று தட்டு வைத்தால் நிமிஷத்துக்கு 72 பக்கம் வரும், திஸ்ரத்தில் அமைந்த எந்த மெதுவான பாட்டும் உட்கார்ந்துவிடும். நாலு தட்டுப் பாட்டைப் போட்டால் 96-க்கு ஏறிவிடும், தூங்கவைக்க அது வேகம். சினிமாப் பாட்டிலும் மூன்று மூன்றாக எண்ண வருவதைத் தேடுங்கள். ராகம் நீலாம்பரியாக இருந்தால் அழகு, கட்டாயம் இல்லை.

பாட்டுக்கு ஏற்பத் தூளியைத் தள்ளாதீர்கள், இழுபறி ஆகிவிடும். முதலில் தூளியை ஆட்டி, அது தானாக எந்த வேகத்தில் போகிறதோ அதைப் பார்த்துப் பாட்டை எடுங்கள். கண் சொருகியதும் தூளியை நிறுத்திப் பிடிக்காமல் தானே அடங்க விடுங்கள். பாட்டை மட்டும் இன்னும் ரெண்டு சுற்று, சொல்லை விட்டு முனகலாக.